ஜெனிசிஸ் கேட்கத் தொடங்குவோருக்கு: எங்கே ஆரம்பிப்பது, எதைக் கவனிப்பது

ஃபில் காலின்ஸ் என்றதும் எண்பதுகளின் பாப் பாடல்கள் பலருக்கு நினைவுக்கு வரும். பீட்டர் கேப்ரியல் என்றால் "ஸ்லெட்ஜ்ஹாமர்" வீடியோ. இந்த இருவரும் ஒரு காலத்தில் ஒரே குழுவில் இருந்தார்கள். கேப்ரியல் பாடினார், காலின்ஸ் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தார். அந்தக் குழுதான் ஜெனிசிஸ். 1970 முதல் 1977 வரை அவர்கள் செய்த இசைக்கு இன்றும் உலகம் முழுக்கத் தீவிரமான ரசிகர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். ஆனால் புதிதாக வருகிற ஒருவர் ஏதோ ஓர் ஆல்பத்தை எடுத்து, 23 நிமிடப் பாட்டில் போய் விழுந்து, ஒன்றும் புரியாமல் எழுந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

புரோகிரசிவ் ராக் என்றாலே நீளமான பாட்டு, சிக்கலான தாளம், அசாத்திய வாசிப்பு என்றுதான் சொல்வார்கள். ஜெனிசிஸிடம் இதெல்லாம் உண்டு. ஆனாலும் ரசிகர்கள் ஐம்பது வருடமாக இந்தப் பாடல்களை விடாமல் கேட்பதற்குக் காரணம் மெட்டு என்பதே என் கருத்து. ஒரு மெட்டை முதலில் மிகவும் மெதுவாக, கிட்டத்தட்ட கவனிக்க முடியாதபடி உள்ளே கொண்டுவருவார்கள். அப்புறம் பாட்டு வேறு எங்கெங்கோ போகும். நீங்கள் அதை மறந்திருக்கும் நேரத்தில், அதே மெட்டு வேறு கருவியில், பல மடங்கு பெரிதாகத் திரும்பி வரும். உடம்பு சிலிர்ப்பது அந்த இடத்தில்தான். பாட்டு நீளமாக இருப்பதும் அதற்காகவே: மறக்க நேரம் கொடுத்தால்தானே திரும்பி வருவதில் மகிழ்ச்சி இருக்கும். இனி வரும் ஒவ்வொரு படியிலும் அந்தத் திரும்புதலைத்தான் தேடப்போகிறோம்.

ஆட்களைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள், காது யாரைத் தொடர வேண்டும் என்று தெரியும். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இருக்கும் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் 1967இல் தொடங்கிய குழு இது. பாடகரும் புல்லாங்குழல் வாசிப்பவருமான கேப்ரியல், கீபோர்டில் டோனி பேங்க்ஸ், பேஸ் கிட்டாரும் பன்னிரண்டு தந்திக் கிட்டாரும் வாசிக்கும் மைக் ரதர்ஃபோர்டு ஆகிய மூவரும் அந்தப் பள்ளி மாணவர்கள். முதல் கிட்டார் கலைஞர் ஆந்தணி ஃபிலிப்ஸ் 1970இல் மேடைப் பயமும் உடல்நலக் குறைவும் தாங்காமல் விலகினார். அதே ஆண்டு "மெலடி மேக்கர்" பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் காலின்ஸ். சிறுவயதில் லண்டன் நாடக மேடையில் நடித்தவர். 1971 தொடக்கத்தில் கிட்டாருக்கு ஸ்டீவ் ஹாக்கெட் வந்து சேர்ந்தார். ரசிகர்கள் "பழைய ஜெனிசிஸ்" என்று சொன்னால் பெரும்பாலும் இந்த ஐவரைத்தான் சொல்கிறார்கள்.

கேட்பதற்கு முன்

நல்ல ஹெட்போன் இருந்தால் போதும், விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஷஃபிளையும், ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். இந்த ஆல்பங்களில் சில பாடல்கள் இடைவெளி இல்லாமல் அடுத்ததற்குள் நுழையும், அந்த இணைப்பு கெட்டுவிடக் கூடாது. இன்னொரு முக்கியமான விஷயம் ஒலியளவு. பல பாடல்கள் மிக மெல்லிய கிட்டாரில் தொடங்கும். சரியாகக் கேட்கவில்லையே என்று அங்கே ஒலியைக் கூட்டினால், நான்காவது நிமிடத்தில் காது வலிக்கும். பாட்டின் நடுப்பகுதியில் ஓரிடத்தைப் போட்டு, அது சத்தமாகவும் இதமாகவும் இருக்கும்படி வைத்துவிட்டு, பிறகு முதலிலிருந்து தொடங்குங்கள். தொடக்கம் மெல்லியதாகவே இருக்கட்டும்.

பாடல் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் தடவை வேண்டாம். முதல் தடவை காது மட்டும் வேலை செய்யட்டும்.

முதல் பாட்டு: ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்

1973இல் வந்த "செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்" ஆல்பத்தில் இருக்கிறது. ஒன்பதரை நிமிடம். யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் போடுவேன்.

பேங்க்ஸ் தனியாகப் பியானோ வாசிக்கத் தொடங்கிக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் தொடர்கிறார். மேற்கத்திய செவ்வியல் இசை போல இருக்கும், ஆனால் தாளம் பிடிபடாது, அளவு மாறிக்கொண்டே போகும். கவலைப்படாதீர்கள், எண்ண வேண்டாம். பிறகு குழு முழுவதும் சேர்ந்து கேப்ரியல் பாடுவார். மூன்றாவது நிமிடத்தைத் தாண்டியதும் எல்லாம் அடங்கி, ஒரு புல்லாங்குழல் தனியாக வரும். இங்கே நிமிர்ந்து உட்காருங்கள். சோகமான, எளிய மெட்டு. சில வரிகள்தான். அதை ஒரு தடவை மனதுக்குள் பாடிப் பாருங்கள்.

அடுத்து, தொடக்கத்துப் பியானோ பகுதி திரும்பி வரும், இந்தத் தடவை சிந்தசைசரில், டிரம்ஸோடு. முதல் திரும்புதல் இது. அது உச்சத்துக்குப் போய் உடையும் இடத்தில், ஏறக்குறைய ஆறாவது நிமிடத்தில், ஹாக்கெட்டின் கிட்டார் நுழைகிறது. புல்லாங்குழல் சொன்ன அதே மெட்டு. இப்போது கிட்டார் அதை நீட்டி, ஒவ்வொரு சுரத்திலும் நின்று நின்று சொல்கிறது. பின்னால் மெல்லோட்ரான் ஆர்கெஸ்ட்ரா போல விரிகிறது. (மெல்லோட்ரான் என்பது ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடாத் துண்டு வைத்த கருவி. கட்டையை அழுத்தினால் அந்த நாடாவில் பதிவான வயலின் கூட்டமோ பாடகர் குழுவோ ஒலிக்கும், அதுவும் எட்டு நொடி அளவுக்குத்தான்.) ஹாக்கெட் இங்கே வேகம் காட்டவே இல்லை. வேகமாக வாசிக்கத் தெரிந்தவர் அவர். வலக்கை விரலால் தந்தியைத் தட்டி வாசிக்கும் முறையை எடி வான் ஹேலன் புகழ் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1971 ஆல்பத்தில் அவர் செய்திருக்கிறார். ஆனாலும் இந்த இடத்தில் மெட்டை மட்டும் நம்பி வாசிக்கிறார். ராக் இசையில் எனக்குத் தெரிந்து இதைவிட அழகான கிட்டார் பகுதி இல்லை.

பாட்டு முடிந்ததும் உடனே இன்னொரு தடவை போடுங்கள். புல்லாங்குழல் வரும்போது, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை அது இன்னும் அதிகமாகத் தாக்கும். இது உங்களைத் தொட்டால் மேலே போகலாம். தொடவில்லை என்றால் கடைசியில் சொல்லியிருக்கும் "டியூக்" ஆல்பத்தில் தொடங்கிப் பாருங்கள், அது வேறு வாசல்.

அதே ஆல்பத்தில் ஏழு எண்ணுங்கள்

ஆல்பத்தின் இறுதிப் பகுதியில் "தி சினிமா ஷோ" வரும், 11 நிமிடம். முதல் பாதி பன்னிரண்டு தந்திக் கிட்டாரோடு மென்மையாகப் போகிறது. ஜூலியட், ரோமியோ என்ற பெயரில் ஒரு நகரத்து இளம் பெண்ணும் பையனும் மாலையில் வெளியே கிளம்பத் தயாராகிறார்கள். டி. எஸ். எலியட்டின் "தி வேஸ்ட் லேண்ட்" கவிதையில் வரும் கிரேக்கப் புராணத்து டைரீசியஸும் பாட்டுக்குள் வந்துபோகிறார். ஏறக்குறைய ஆறாவது நிமிடத்தில் பாட்டு நின்று, ரதர்ஃபோர்டு, காலின்ஸ், பேங்க்ஸ் மூவரும் மட்டும் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் புறப்படுகிறார்கள்.

ஒன்று முதல் ஏழு வரை எண்ணிக்கொண்டே கேளுங்கள். மிஸ்ர சாபுவில் கச்சேரிப் பாட்டுகள் கேட்டுப் பழகியவர்களுக்கு ஏழு ஒன்றும் அந்நியமில்லை, இரண்டு மூன்று சுற்றில் கை தானாகவே தட்டும். மேற்கத்திய ராக் ரசிகர்களுக்குத்தான் இது விசித்திரம். எண்ணிக்கை பிடிபட்டதும் எண்ணுவதை விட்டுவிட்டு, பேங்க்ஸின் சிந்தசைசர் ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். காலின்ஸ் அந்த ஏழை எவ்வளவு இலகுவாக உருட்டிக்கொண்டு போகிறார் என்பதும் புரியும். சிக்கலான தாளத்தைச் சிக்கலாகக் காட்டாமல் வாசிப்பதுதான் அவருடைய பெருமை.

பாட்டு முடியும்போது நிற்காமல் "ஐல் ஆஃப் பிளென்டி" என்ற சிறு பாட்டில் கலந்துவிடும். அதில் ஆல்பத்தின் முதல் பாட்டான "டான்சிங் வித் தி மூன்லிட் நைட்" மெட்டு திரும்புகிறது. அந்தப் பாட்டில் கேப்ரியல் கருவிகள் எதுவும் இல்லாமல் தனிக்குரலில் தொடங்குவார், அதை ஒரு முறை கேட்டுவிட்டு இங்கே வந்தால் ஆல்பத்தின் வட்டம் புரியும். நடுவில் இருக்கும் "தி பேட்டில் ஆஃப் எப்பிங் ஃபாரஸ்ட்" பாட்டை இப்போதைக்குத் தாண்டிவிடலாம். சொற்கள் மிக அதிகம், இசைக்கு மூச்சுவிட இடமே இல்லை. ரசிகர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கதையோடு ஒரு பாட்டு: தி மியூசிக்கல் பாக்ஸ்

1971இல் வந்த "நர்சரி கிரைம்" ஆல்பத்தின் முதல் பாட்டு. இதற்கு மட்டும் கதையை முன்பே படித்துவிட்டு வாருங்கள், இசைத்தட்டின் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். விக்டோரியா காலத்து வீடு. சிந்தியா என்ற சிறுமி குரோக்கே விளையாடும் சுத்தியலால் ஹென்றி என்ற சிறுவனின் தலையைத் தட்டி எடுத்துவிடுகிறாள். பிறகு அவனுடைய இசைப்பெட்டியைத் திறக்கிறாள். அவன் ஆவியாக வருகிறான். வந்தவுடன் அவன் உடல் வேகமாக முதுமை அடைகிறது, மனம் குழந்தையாகவே இருக்கிறது, வாழாமல் போன ஒரு வாழ்நாளின் ஆசைகள் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் அவனைப் பிடிக்கின்றன.

பயங்கரமான கதை. ஆனால் பாட்டு தாலாட்டு போலத் தொடங்குகிறது. மென்மை, ஆவேசம், மறுபடி மென்மை, மறுபடி ஆவேசம் என்று மாறி மாறிப் போகும். கடைசி இரண்டரை நிமிடத்தில் ஆர்கனுக்கு மேல் கேப்ரியலின் குரல் கெஞ்சலில் தொடங்கி அலறலில் முடிகிறது. மேடையில் இந்த இடத்தில் அவர் முதியவர் முகமூடி அணிந்து பாடுவார். 1972இல் டப்ளினில், மனைவியின் சிவப்பு உடையும் நரித்தலையும் அணிந்து திடீரென்று மேடைக்கு வந்ததும் இந்தப் பாட்டில்தான். குழுவினரிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து பத்திரிகைகள் ஜெனிசிஸைத் திரும்பிப் பார்த்தன. படங்களைப் பார்த்து இது வேஷக் கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். குரலை மட்டும் கேளுங்கள், கிழவன் அதற்குள்ளேயே இருக்கிறான்.

இப்போது சப்பர்ஸ் ரெடி

1972 "ஃபாக்ஸ்ட்ராட்" ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை ஏறக்குறைய முழுவதும் பிடித்துக்கொண்ட பாட்டு. 23 நிமிடம், ஏழு பகுதிகள். ரசிகர்களில் பெரும்பாலோர் இதைத்தான் உச்சம் என்பார்கள். மேலே சொன்ன மூன்று பாடல்களும் பழகிய பிறகே இதற்கு வாருங்கள், வரும்போது அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். இதற்கு முன்னால் "ஹொரைசன்ஸ்" என்ற சிறிய கிட்டார் தனி வாசிப்பு இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவது நல்லது, காது அமைதியாகிவிடும்.

முதல் நான்கு நிமிடம்: மூன்று பன்னிரண்டு தந்திக் கிட்டார்கள் ஒன்றோடொன்று பின்னி வாசிக்க, ஒருவன் வீட்டுக்குத் திரும்பிக் காதலியைப் பார்க்கிறான், அவள் முகம் மாறுவதுபோல் தெரிகிறது. கேப்ரியலும் அவர் மனைவியும் ஓர் இரவு அனுபவித்த, விளக்க முடியாத ஒரு சம்பவம் இதன் வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்தப் பகுதியின் மெட்டை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இது முதல் குறி.

அடுத்த இரண்டு நிமிடம்: ஆர்கன் எழுந்து, பெரிய, அகலமான மெட்டு ஒன்று. மக்களைத் தன் பின்னால் இழுக்கும் ஒரு போலி ரட்சகன் வருகிறான். குழந்தைகள் பாடும் குரலோடு முடியும். இந்த மெட்டு இரண்டாவது குறி.

பிறகு ஒரு போர், ஹாக்கெட்டின் கிட்டார் பளிச்சிடும் இடம். போர் முடிந்த களத்தில் ஓர் அமைதி. தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து ஒருவன் பூவாக மாறுகிறான், கிரேக்கப் புராணத்து நார்சிசஸ் போல. பதினோராவது நிமிடத்தில் எல்லாம் தலைகீழாகிறது. "வில்லோ ஃபார்ம்" என்ற பகுதி: ஆங்கிலேயக் கேளிக்கை அரங்கப் பாட்டு போல, அர்த்தமற்ற வேடிக்கை, விசில், வேகம். மேடையில் கேப்ரியல் பூ முகமூடியோடு வருவார். புதியவர்கள் விட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான். போகாதீர்கள். இந்த அலங்கோலம் இல்லாவிட்டால் அடுத்து வருவதற்கு அந்தக் கனம் கிடைக்காது. முடிந்ததும் கிட்டாரும் புல்லாங்குழலும் சேர்ந்த ஒரு சிறு ஓய்வு வரும்.

பதினாறாவது நிமிடம் நெருங்கும்போது ஆறாவது பகுதி, உலகின் முடிவு. ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தை ரதர்ஃபோர்டும் காலின்ஸும் இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், அதற்கு மேல் அந்தத் தாளத்தைப் பொருட்படுத்தாதவர் போலப் பேங்க்ஸின் ஆர்கன் தன் வழியில் அலைகிறது. பதற்றம் அதிலிருந்துதான் வருகிறது. கீழே ஒன்பது, மேலே வேறு ஏதோ. நிமிடக்கணக்கில் அது முறுகிக்கொண்டே போய், மெல்லோட்ரானும் கேப்ரியலின் குரலும் வெடிக்கும் இடத்தில் திறக்கிறது. எண்ணிக்கொண்டு கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மணி ஒலிக்கிறது. முதல் குறி திரும்புகிறது: தொடக்கத்தில் ஓர் அறைக்குள் கிசுகிசுத்த அதே காதல் மெட்டு, இப்போது முழுக் குழுவோடு. அது அப்படியே இரண்டாவது குறிக்குள் போகிறது. போலி ரட்சகனுக்காகப் பாடிய மெட்டிலேயே இப்போது உண்மையான மீட்பைப் பாடுகிறார்கள், பைபிளின் புதிய எருசலேம். பொய்க்குச் சொந்தமாக இருந்த ஓர் இசை உண்மைக்குச் சொந்தமாகிறது. இதை யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, 20 நிமிடம் கூடவே வந்திருந்தால் காதே சொல்லிவிடும். ஜெனிசிஸ் ரசிகர்கள் கண் கலங்குவது இந்த இடத்தில்தான். கலங்காத நாள் எனக்கும் இல்லை.

கேப்ரியல் போன பிறகு

1974இல் "தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே" என்ற இரட்டை ஆல்பம். நியூயார்க்கில் ராயெல் என்ற பியூர்ட்டோ ரிக்கோ இளைஞனின் நீண்ட கனவுப் பயணம். அதன் மேடைச் சுற்றுப்பயணம் 1975இல் முடிந்ததும் கேப்ரியல் விலகினார். புதிய பாடகருக்காக நிறையப் பேரைச் சோதித்துவிட்டு, கடைசியில் டிரம்ஸிலிருந்து காலின்ஸே முன்னால் வந்தார். 1976இல் "எ ட்ரிக் ஆஃப் தி டெயில்". புதியவர்களுக்கு முழு ஆல்பமாகக் கேட்க நான் சொல்வது இதைத்தான், "லாம்ப்" அல்ல. இது 50 நிமிடம், தெளிவான பதிவு, பலவீனமான பாட்டு ஒன்றுகூட இல்லை. "என்டாங்கிள்ட்", "ரிப்பிள்ஸ்" இரண்டிலும் பழைய பன்னிரண்டு தந்திக் கிட்டார் அப்படியே இருக்கிறது. கடைசிப் பாட்டு "லாஸ் என்டோஸ்" கருவியிசை. ஆல்பத்தின் மெட்டுகள் அதில் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. அது தேய்ந்து மறையும்போது காலின்ஸின் குரல் மெல்லக் கேட்கும், ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். அவர் பாடுவது "சப்பர்ஸ் ரெடி"யின் முடிவில் வரும் வரி. விட்டுப் போன நண்பருக்கான விடைபெறல் அது.

இங்கிருந்து மூன்று பக்கம் போகலாம். நேரடி மேடைப் பதிவு வேண்டுமென்றால் 1977 "செகண்ட்ஸ் அவுட்". அதில் "சினிமா ஷோ" பாட்டில் காலின்ஸும் பில் ப்ரூஃபோர்டும் இரண்டு டிரம்ஸில் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஆனால் "ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்" அதில் தொடக்கப் பியானோ இல்லாமல் வரும், ஆகவே ஸ்டூடியோ பதிவைக் கேட்டுவிட்டுப் போங்கள். அந்த ஆண்டே ஹாக்கெட் விலகிவிட்டார்.

பாப் பக்கம் சாய்பவர்களுக்கு 1980இல் வந்த "டியூக்". மூவராகக் குறைந்த குழு, குட்டையான பாடல்கள். வானொலியில் ஓடிய "டர்ன் இட் ஆன் அகெய்ன்" பாட்டு 13 எண்ணிக்கையில் அமைந்தது, கேட்டால் தெரியவே தெரியாது. ஆல்பத்தைத் தொடங்கும் மெட்டு, கடைசிப் பாட்டில் திரும்பி வந்து முடித்து வைக்கும். அந்தப் பழக்கத்தை அவர்கள் விடவில்லை.

கேப்ரியலைப் பின்தொடர விரும்பினால் அவருடைய 1989 "பேஷன்" ஆல்பத்துக்குப் போங்கள். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கரின் இரட்டை வயலின் அதில் ஒலிக்கிறது, கேட்டே ஆக வேண்டிய ஒன்று.

"லாம்ப்" ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம், கதை பல இடங்களில் கைநழுவிப் போகும். முதலில் "இன் தி கேஜ்", "கார்ப்பெட் கிராலர்ஸ்" இரண்டையும் தனியாகக் கேளுங்கள். பிறகு முதல் தட்டை ஒரு நாள், இரண்டாம் தட்டை இன்னொரு நாள். இரண்டாம் தட்டில் "தி லைட் டைஸ் டவுன் ஆன் பிராட்வே" வரும்போது ஒரு பழைய மெட்டு காதில் படும். அது எங்கே கேட்டது என்று நான் சொல்லப்போவதில்லை, அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.